ஹெலன் வரைந்த வேல்ஸ் மாளிகை

ஹெலனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பிளாஸ் வெரின் என்ற வேல்ஸ் மாளிகையின் வேலை வந்த வருஷம் பாதிக்கு மேல் அவள் குரல் தாழ்ந்தேதான் கிடந்தது.

வெளிநாட்டுக் கட்டடங்களைக் கம்ப்யூட்டருக்குள் கட்டித் தருவது அந்தக் கம்பெனியின் தொழில். அங்கே இருப்பவர்கள் ஒரு கட்டடத்துக்குள் லேசர் கருவியைச் சுழலவிட்டு அளவெடுத்து அனுப்புவார்கள். அது திரையில் கோடிக்கணக்கான புள்ளிகளாக, கட்டடத்தின் ஆவி மாதிரி வந்து நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து இங்கே சுவர் எழுப்பி, கதவு வைத்து, கூரை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஹெலன் இந்த வேலையில் ஊறிப்போனவள். டீம் லீட்.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். அவள் பள்ளிப் படிப்பை முடிக்கிற நேரத்துக்குச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் படிப்புப் படித்துவிட்டு, விடிவதற்குள் ரயில் பிடித்து பெங்களூர் வந்து, இருட்டியபின் திரும்பிப் போகிற கூட்டத்தில் ஒருத்தியானாள். பல வருஷம் அப்படி நின்றுகொண்டே வந்தாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, சீக்கிரமே முடிந்தும் போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி வீட்டில் குடியேறினாள்.

சவரிமுத்து சுரங்கத்துக்குள் இறங்கியே வயதானவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. மாடி ஏறும்போது நடுவில் நின்று, தெருவை வேடிக்கை பார்ப்பவர் மாதிரி மூச்சு வாங்குவார். அவருடைய அப்பா அந்தோணியும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார், வெள்ளைக்காரன் கம்பெனி இருந்த காலத்தில். பூமிக்கடியில் பாறை தானாக வெடித்துச் சரிந்ததில் அவர் போய்விட்டார். உடம்புகூட மேலே வரவில்லை. சவரிமுத்துவுக்கு அப்போது ஆறு வயது.

பிளாஸ் வெரின் வந்தபோது ஹெலனுக்கு இதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. வீட்டைப் பார்த்ததும் ஆசைதான் வந்தது. இங்கிலாந்தை ஒட்டி, அதே தீவில் இருக்கிற வேல்ஸ் நாட்டில், ஒரு மலைச்சரிவில் நின்றது அந்த வீடு. 'பிளாஸ்' என்றால் அவர்கள் பாஷையில் மாளிகை. ஒரே குடும்பத்தின் கையில் நானூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. இப்போது அதைக் கல்யாணம் நடத்துகிற ஹோட்டலாக மாற்றப் போகிறார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் ஒரு வீடு. உள்ளே போனால் மூன்று வீடு. நடுவில் இருப்பது ஆதி வீடு. ஆள் படுக்கிற அகலத்துக்கு மண்ணும் கல்லும் போட்டு எழுப்பிய சுவர். குளிருக்கு நெருப்பு மூட்ட, ஒரு மாட்டையே உள்ளே நிறுத்துகிற அளவுக்குக் கணப்பு. அதற்கு மேலே வளைந்த ஓக் உத்தரம். ஆணி இல்லாமல் மரமுளை அடித்துச் சேர்த்த கூரைச்சட்டம். இருநூறு வருஷம் கழித்து வந்த ஒருவனுக்கு இந்த முரட்டு வீடு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அதன் முகத்தை மறைத்து, ஜன்னல்களை வரிசை பிசகாமல் வைத்து, புதிதாக ஒரு முகப்புக் கட்டினான். முன்னால் நின்றால் எல்லாம் நேர். கதவைத் திறந்தால் எல்லாம் கோணல். மூன்றாவதாக, கிழக்கே பின்னாளில் சேர்த்த ஒரு பகுதி. அதில்தான் இசைக்கூடம். அதன் முதுகில் வேலைக்காரர்களுக்கான இருட்டு மாடிப்படி, அதன் உச்சியில், கூரைக்கு நேர் கீழே, அவர்கள் தூங்கிய ஓட்டடி அறைகள்.

வீடு முழுக்கக் கூரை ஸ்லேட்டுக் கல். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அதே சிலேட்டு. கீழ்வரிசையில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சின்னதாகி, உச்சியில் உள்ளங்கை அளவு.

ஹெலன் அதைக் கல் கல்லாக வைத்தாள். கோணல் சுவரைக் கோணலாகவே எழுப்பினாள். மேனேஜர் அஷ்வின் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நேரா ஒரு கோடு இழுத்துட்டுப் போங்க ஹெலன், யாரு பாக்கப் போறாங்க?" என்றான்.

"வீடு அப்படித்தான் இருக்குது அஷ்வின்."

அவன் திரும்பிப் போனான். இரண்டாம் கட்ட வேலையும் கம்பெனிக்கே வர வேண்டும் என்பது அவன் கவலை.

அங்கே அளவெடுத்து அனுப்பியவர் எமிர் என்ற சர்வேயர். அந்த ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வாரம் ஒருமுறை வீடியோவில் வருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஓட்டடி அறைகளை அவர் அளக்கவில்லை என்று ஹெலன் கவனித்துக் கேட்டபோது, "அதை அளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டி வரப் போகிறதாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் கணக்கில் நான் போய் அளந்து அனுப்புகிறேன்" என்றும் சொன்னார். அனுப்பினார். திரையில் அந்த அறைகளுக்குள் ஹெலன் நிற்க வைத்துப் பார்த்த ஆள் உருவத்தின் தலை கூரையில் இடித்தது.

முக்கால்வாசி வேலை முடிந்தபோது ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடானது. வீட்டுக்காரர்கள் சார்பில் சரித்திர விஷயங்களைக் கவனிக்கிற ஃபிலிப்பா என்ற பெண்மணி வந்தார். நல்ல மாதிரி, சிரித்த முகம். ஒவ்வொரு அறையாகத் திரையில் காட்டி அதன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து இசைக்கூடத்தில் நின்றார். மேலே சுண்ணாம்புப் பூவேலை, நடுநடுவே தங்கத் தகடு ஒட்டிய இலைகள்.

"இதைக் கட்டிய பெரியவருக்கு மைசூர் ராஜ்ஜியத்துத் தங்கச் சுரங்கத்தில் நிறையப் பங்குகள் இருந்தன. அந்தத் தகடு அங்கே தோண்டிய தங்கம் என்று குடும்பத்தில் சொல்வார்கள்" என்றார் ஃபிலிப்பா. "கோலார் என்று ஒரு ஊர். உங்களுக்குப் பக்கம்தானே?"

அஷ்வின் உட்கார்ந்த இடத்திலிருந்தே துள்ளினான். "நம்ம ஹெலன் அந்த ஊர்தான். அவங்க அப்பா, தாத்தா எல்லாரும் அந்தச் சுரங்கத்துல வேலை செஞ்சவங்க."

ஃபிலிப்பா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "எவ்வளவு அழகான விஷயம். தாத்தா தோண்டிய தங்கம், பேத்தி வரைந்த அறை. திறப்பு விழாவுக்கு இதை ஒரு சின்ன வீடியோவாக எடுக்கலாமே. ஹெலன், நீங்கள் ஏதாவது சொல்லுங்களேன்."

எல்லோரும் ஹெலனைப் பார்த்தார்கள். அவள் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். முகம் கழுவிக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். ஆறு மாதமாக அந்தக் கூரையின் ஒவ்வொரு இலையையும் அவள்தான் வைத்திருந்தாள். அழகாக இருக்கிறது என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டே வைத்திருந்தாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அன்று சாயங்காலமே அஷ்வினிடம் சொல்லிவிட்டாள். "வீடியோ கீடியோ எதுவும் வேணாம். நானும் வரமாட்டேன், எங்கப்பாவும் வரமாட்டாரு."

"ரெண்டு நிமிஷம் ஹெலன். கிளையண்ட் சந்தோஷப்படுவாங்க."

"அவங்க சந்தோஷப்படறதுக்கு எங்க தாத்தா போதும். நான் வேணாம்."

அஷ்வின் தலையாட்டினான். விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் மீன் வாங்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து திரும்பினாள். வாசலில் அறிமுகமில்லாத செருப்புகள் கிடந்தன. உள்ளே பெரிய விளக்கு எரிந்தது. கேமராவோடு இரண்டு பேர். எதிரே நாற்காலியில் அப்பா, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்திருந்த அவருடைய நம்பரை எடுத்து அஷ்வினே கூப்பிட்டிருக்கிறான். அவரும் சரி என்றிருக்கிறார்.

"துரைங்க ரொம்ப நல்லவங்க," சவரிமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கம்மா துரை பங்களாவுல ஆயாவா இருந்தாங்க. கிறிஸ்மஸ் வந்தா துரைசாணி கூப்பிட்டு கேக் குடுப்பாங்க. பிளம்ஸ் கேக்கு. நாங்க பசங்கல்லாம் வரிசையில நிப்போம். அந்த மாதிரி கேக்கு இப்ப எங்க கிடைக்குது..."

இருமல் வந்தது. கோட்டுப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டு இருமினார். கேமராக்காரப் பையன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னான்: "சூப்பரா வந்துச்சு அங்கிள். இருமாம இன்னொரு தடவை சொல்லிடுங்க."

ஹெலன் மீன் பையைத் தரையில் வைத்துவிட்டு நேரே போய் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"எழுந்து போங்க," என்றாள். பக்கத்தில் நின்றவனுக்கே அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். ஆனால் இரண்டு பேரும் உடனே ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்கள் போனபிறகு அப்பா கோட்டைக் கழற்றவில்லை. "வீட்டுக்கு வந்தவங்கள இப்படியா தொரத்துவ?" என்றார்.

"துரை நல்லவனாப்பா? உங்கப்பா எங்க செத்தாரு?"

"அது எனக்குத் தெரியாதா? நீ சொல்லிக் குடுக்கணுமா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கைப் பத்திப் பேசினே?"

சவரிமுத்துவுக்கும் கோபம் வந்தது. மகளுடையது மாதிரி இல்லை. அவருக்கு மூச்சு வாங்கும், வார்த்தை துண்டு துண்டாக வரும். "இத்தினி வருஷத்துல யாராவது வந்து என்னைக் கேட்டாங்களா? மைனை மூடினானே, அவன் கேட்டானா? லைன் வீட்டுக்குப் பட்டா குடுக்கறேன்னு ஓட்டு வாங்கினானே, அவன் கேட்டானா? இவங்கதான் வந்து உக்காந்து கேட்டாங்க. செத்தவனைப் பத்திச் சொன்னேன்னு வை, கேமராவை மூடிக்கினு போயிடுவாங்க. கேக்கைச் சொன்னா உக்காந்து கேப்பாங்க. எனக்கும் தெரியும்மா."

அவர்மேல் கோபமா, அவரை அப்படிக் கணக்குப் போட வைத்தவர்கள்மேல் கோபமா என்று ஹெலனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மீனைக் கழுவ உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அஷ்வினின் மேஜைக்குப் போனாள்.

"எங்க வீட்டு நம்பரை எடுத்தது தப்பு."

"சாரி. ஆனா அங்கிள் எவ்வளவு ஆசையாப் பேசினாரு தெரியுமா? எடுத்தவரைக்கும் அனுப்பிட்டேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அனுப்பிட்டீங்க."

"அனுப்பிட்டேன் ஹெலன். இதுல என்ன இருக்கு? நல்ல விஷயம்தானே சொல்லியிருக்காரு."

அவள் எச்.ஆருக்குப் புகார் எழுதினாள். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

அந்த வாரம் எமிர் வீடியோவில் வந்தபோது அவள் கூரைக் கணக்கைப் பேசிமுடித்துவிட்டு, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று தெரியாது. ஓட்டடி அறையை அளந்து அனுப்பியவர் என்பதாலோ என்னவோ. எமிர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"தங்கத்துக்கு முன்னால் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டார். "அந்தக் கூரையில் நீ வைத்தாயே, அந்தக் கல். மலைக்குப் பின்னால் குவாரி. என் கொள்ளுத்தாத்தா அதை உடைத்தார். கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலம் முழுக்க, பிள்ளைகள் பட்டினி கிடந்து செய்தார்கள். கடைசியில் சிலர் வேலைநிறுத்தத்தை உடைத்துக் குவாரிக்குள்ளே வேலைக்குப் போய்விட்டார்கள். உள்ளே போன குடும்பத்தோடு எங்கள் தெருவில் இன்றைக்கும் பேசாதவர்கள் உண்டு. நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தவர்களைப் பார்த்து, தேநீர் அதிகமாகக் குடித்ததால் வந்த நோய் என்று குவாரி டாக்டர் சொன்னார்."

"எங்க ஊர்ல தூசின்னு எழுதாம டி.பி.ன்னு எழுதுவாங்க" என்றாள் ஹெலன்.

"இந்த வேலை கிடைக்கும்வரை நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை" என்றார் எமிர். "பல்லைக் கடித்துக்கொண்டுதான் அளந்தேன்."

ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு பெரிய தொடுதிரை வைப்பதாகத் திட்டம். வருகிறவர்கள் ஹெலன் கட்டிய மாதிரி வீட்டுக்குள் உலாவலாம். எந்த அறையைத் தொட்டாலும் அதன் கதை வரும். வாசகங்களை ஃபிலிப்பா எழுதி அனுப்பியிருந்தார். இசைக்கூடத்துக்கு, 'வெளிநாட்டு முதலீடுகளின் வருவாயில் கட்டப்பட்டது. இனிய எதிரொலி கொண்டது' என்று இருந்தது. கூரைக்கு, 'உள்ளூர்க் கைத்திறன்' என்று இருந்தது.

இருவரும் சேர்ந்து வேறு எழுதினார்கள். கூரையை எமிர் எழுதினார், இசைக்கூடத்தை ஹெலன். இந்த அறை கோலார் தங்கத்தில் எழுந்தது என்றும், அதை எடுக்க இறங்கியவர்களில் மிகப்பலர் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் என்றும், பாறை சரிந்தும் தூசி அடைத்தும் செத்தார்கள் என்றும், அவர்களில் ஒருவர் பெயர் அந்தோணி, அவர் இன்னும் மேலே வரவில்லை என்றும் எழுதினாள். ஓட்டடி அறைகளையும் படத்தில் திறந்து வைத்தாள். ஒளிக்கவில்லை. கடைசியில் இருவரும் பெயரைப் போட்டு, அஷ்வினுக்கும் ஃபிலிப்பாவுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றாக அனுப்பினார்கள்.

அஷ்வின் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். "கிளையண்ட் டெக்ஸ்ட்ல கை வெச்சிருக்கீங்க. செகண்ட் ஃபேஸ் போச்சுன்னா பன்னெண்டு பேருக்கு வேலை போகும். யோசிச்சீங்களா?"

"என்னைக் கேக்காம எங்கப்பாவை விக்கும்போது நீங்க யோசிச்சீங்களா?"

"யாரும் யாரையும் விக்கல ஹெலன்."

"அப்ப வேற வார்த்தை இருந்தா சொல்லுங்க."

அன்றே அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசகங்கள் பழையபடி ஆயின. ஓட்டடி அறைகள் மறைந்தன. அவளுக்கு ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தைக் கொடுத்தார்கள்.

ஆனால் இருவரும் எழுதியதை எமிர் விடவில்லை. ஹோட்டலுக்கு அனுமதி தருவது பற்றி ஊர்க் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று இரண்டு வாசகங்களையும் படித்திருக்கிறார், முதலில் வேல்ஸ் பாஷையில், அப்புறம் ஆங்கிலத்தில். குவாரியில் கல் உடைத்தவர்களின் குடும்பத்துக்காரர்கள் ஹோட்டலை எதிர்த்துச் சத்தம் போட்டிருக்கிறார்கள். எந்த முடிவும் எடுக்காமல் கூட்டம் கலைந்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் ஃபிலிப்பா ஹெலனை நேராகக் கூப்பிட்டார். "உங்கள் உணர்வுகளை நாங்கள் மதிக்கிறோம். ஒரு சின்னப் பலகை வைக்கலாம் என்று குடும்பத்தார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கித் தருகிறோம்."

"எங்கே வைப்பீர்கள்?"

ஃபிலிப்பா தயங்கினார். "கிழக்குப் பகுதியில். பின்பக்க நடைவழியில்."

அந்த வீட்டின் ஒவ்வொரு நடைவழியும் ஹெலனுக்கு மனப்பாடம். "கழிவறைக்குப் போகிற வழியில்" என்றாள்.

"நிறையப் பேர் கடந்து போகிற இடம் அது."

"இசைக்கூடத்தில் வையுங்கள். எழுதியது எழுதியபடி. இல்லையென்றால் வேண்டாம்."

"ஹெலன், ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் அல்லவா?"

"இல்லை" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அவர்கள் பலகை வைக்கவில்லை. ஹோட்டலுக்கு அனுமதி கிடைத்தது. எமிரை அவர்கள் மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் அதைச் சொன்னபோது அவள் வருத்தம் தெரிவித்தாள். "வருத்தப்படாதே, கோபப்படு" என்று எழுதினார். மூன்று மாதம் கழித்து ஹெலன் வேலையை விட்டுவிட்டு, பிரேசர் டவுனில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தாள். அங்கே பள்ளிக்கூடங்களும் கிளினிக்குகளும் வரைகிறார்கள். நல்ல வேலையை உதறிவிட்டாள் என்று அப்பா முனகினார்.

வீடியோ வெளியானது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. சவரிமுத்து கோட்டுப் போட்டுச் சிரிக்கிறார், கேக்கைப் பற்றிச் சொல்கிறார், பின்னால் பியானோ ஒலிக்கிறது. இருமல் இல்லை. அவர் அதைப் போனில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் காட்டினார். "உங்கப்பா ஜோராப் பேசியிருக்காரும்மா" என்று அவர்கள் ஹெலனிடம் சொன்னார்கள்.

முதல் வாரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாம் வாரம் நின்றாள். "அது பாதிதான்" என்று சொல்லி, தாத்தா எப்படிச் செத்தார் என்பதை அங்கேயே, அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னாள். சவரிமுத்து போனை மடியில் சொருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அதற்கடுத்த வாரமும் அவர் காட்டினார், அவள் சொன்னாள்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு. பக்கத்துத் தெரு காந்தாவும் அவள் வீட்டுக்காரரும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலமே தனி" என்று பெருமூச்சு விட்டார்கள். ஹெலன் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து கையைக் காட்டினார்.

"இருங்க, போயிடாதீங்க. இன்னும் இருக்குது. மீதியை இவ சொல்லுவா."

காந்தாவின் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காந்தா நகரவில்லை. ஹெலன் சொல்லத் தொடங்கினாள், மிகத் தாழ்ந்த குரலில். நடுவில் ஒரு இடத்தில் அவள் வருஷத்தைத் தப்பாகச் சொல்ல, சவரிமுத்து இருமிக்கொண்டே குறுக்கிட்டுத் திருத்தினார்.